ஆட்ட நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்: கல்லூரி ஃபுட்பால் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பிக் டென், எஸ்.இ.சி., ஏ.சி.சி., பிக் 12 கான்ஃபரன்ஸ்களின் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புகளின்) ஆணையர்கள், பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர்கள், சனிக்கிழமை ஆட்டங்களுக்கு நேரம் குறிக்கும் தொலைக்காட்சி நிறுவனத்தார்.

வணக்கம்.

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசி வரை, தங்கள் அணி எந்த ஊரில் ஆடினாலும் பின்னாலேயே போகிற ரசிகர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். கொலம்பஸ், ஆன் ஆர்பர், ஆஸ்டின், காலேஜ் ஸ்டேஷன் போன்ற ஊர்களுக்கு மேல்படிப்புக்கு வந்து, ஸ்டேடியத்தின் மாணவர் பகுதியில் நின்று அமெரிக்க ஃபுட்பால் என்ற இந்த ஆட்டத்தைக் (நாம் அறிந்த கால்பந்து அல்ல) கற்றுக்கொண்டு, பட்டம் வாங்கிய பிறகும் அதை விடாத தமிழர்கள் நாங்கள். உங்கள் ஏற்பாடுகள் வெளியூர் ரசிகருக்கு எங்கே இடிக்கின்றன, ஏன் இடிக்கின்றன, என்ன செய்தால் சரியாகும் என்பதைக் கணக்கோடு சொல்ல விரும்புகிறோம். கேட்பவை பல இருந்தாலும் தலையானது ஒன்று. ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதை, விமானக் கட்டணம் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

தேதியும் எதிரணியும் மாதக்கணக்கில் முன்பே தெரிந்துவிடுகின்றன. நேரம் மட்டும்தான் தெரிவதில்லை. மே மாத இறுதியை ஒட்டி முதல் மூன்று வாரங்களுக்கும் சில பெரிய ஆட்டங்களுக்கும் நேரம் வெளியாகிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை ஆட்டத்துக்கு 12 நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமையன்று அறிவிக்கப்படுகின்றன. இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்று தொலைக்காட்சி நிறுவனம் நிறுத்திவைத்தால், அது 6 நாளாகச் சுருங்குகிறது. முந்தைய சனிக்கிழமை ஆட்டங்கள் எல்லாம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் தெரியவரும். இதன் காரணம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. கூடுதலாக ஒரு சனிக்கிழமை முடிவைப் பார்த்துவிட்டால் எந்த ஆட்டத்துக்கு மவுசு அதிகம் என்று தெரிந்துவிடும். அதைப் பகல் 12 மணிக்கோ மாலை 3:30-க்கோ இரவு 7:30-க்கோ தூக்கி வைக்கலாம். ஒளிபரப்பு உரிமைக்குக் கோடிக்கணக்கில் கொடுப்பவர்கள் அதை எதிர்பார்ப்பது இயல்பு.

ஆனால் அந்த 12, 6 என்ற எண்கள் விமானக் கட்டண விதிகளோடு மோதுகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் மலிவான கட்டணங்கள் பலவும், புறப்பாட்டுக்கு 21 நாள், 14 நாள், 7 நாள் முன்பே வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகின்றன. நீங்கள் திங்கட்கிழமை நேரத்தை அறிவிக்கும்போது, வெள்ளிக்கிழமை மாலை கிளம்ப வேண்டிய ரசிகருக்கு மிச்சமிருப்பது 11 நாள். 14 நாள் கட்டணம் அதற்கு மூன்று நாள் முன்பே போய்விட்டது. 6 நாள் அறிவிப்பு என்றால் மிச்சம் 5 நாள். 7 நாள் கட்டணமும் போயிற்று. இன்னொன்றும் சேர்ந்தே போகிறது. விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் தர வேண்டும் என்ற போக்குவரத்துத் துறையின் விதி, புறப்பாட்டுக்கு 7 நாளாவது இருக்கும்போது வாங்கிய டிக்கெட்டுக்குத்தான் பொருந்தும். ஆக, 6 நாள் அறிவிப்பை நம்பிக் காத்திருப்பவருக்கு மலிவு விலையும் கிடையாது, மனம் மாறினால் பணமும் கிடையாது.

காத்திருக்காமல் முன்பே வாங்கினால் என்ன? அனுபவசாலிகள் அதைத்தான் செய்கிறார்கள். வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து, ஞாயிறு பகல் 11 மணிக்குப் பிறகு கிளம்புவதாகப் போட்டுவிடுவார்கள். ஆட்டம் எந்த வேளைக்குப் போனாலும் இது தாங்கும். ஆனால் அதற்கு விலை இரண்டு இரவு அறை வாடகை. பகல் 12 மணி ஆட்டம் என்று முன்பே தெரிந்திருந்தால், காரில் நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் குடும்பம் ஓர் அறைகூட எடுக்காமல் விடியற்காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும்.

ஓர் ஊரை எடுத்து இதைப் பார்க்கலாம். பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ். ஊர் மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம். பென் ஸ்டேட் அணியின் பீவர் ஸ்டேடியத்தில் உட்காருபவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பிட்ஸ்பர்க் 140 மைல், ஃபிலடெல்ஃபியா 190 மைல். பள்ளத்தாக்குக்குள் இருக்கும் ஊர் என்பதால் வெளியேற வழிகள் சில மட்டுமே. ஆட்டம் என்பது கடிகாரத்தில் 15 நிமிடப் பாதங்கள் (கால்பகுதிகள்) நான்குதான். ஆனால் 20 நிமிட இடைவேளை, வீடியோ மறுபரிசீலனை, விளம்பர நிறுத்தங்கள் எல்லாம் சேர்ந்தால் மூன்றரை மணி நேரம் ஓடிவிடும். 2023-ல் விதியை மாற்றி, ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர முதல் டவுன் (பத்து கெஜம் முன்னேறிப் புது வாய்ப்பு பெறுவது) கிடைக்கும்போது கடிகாரம் நிற்காதபடி செய்தும், திட்டம் போடுகிறவர் மூன்றரை மணி நேரம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரவு 7:30 ஆட்டம் 11 மணிக்கு முடியும். புல்தரை பார்க்கிங்கில் இருந்து கார் தார்ச்சாலையைத் தொட ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு பிட்ஸ்பர்க் வரை ஓட்டினால் விடியற்காலை மூன்றைத் தாண்டும். தூக்கக் கலக்கத்தில் மலைச்சாலையில் கார் ஓட்டச் சொல்லி யாரையும் நாங்கள் அனுப்ப மாட்டோம்; நீங்களும் அனுப்பக் கூடாது. அதே ஆட்டம் பகல் 12-க்கு என்றால் இரவு எட்டரைக்குள் வீடு. கிக்-ஆஃப் (ஆட்டத் தொடக்க) நேரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தலையில் ஓர் இரவு வாடகையை ஏற்றுகிறீர்கள்.

செய்ய முடியாததை நாங்கள் கேட்கவில்லை. எஸ்.இ.சி. இதில் பாதி தூரம் வந்துவிட்டது. 2024 சீசனுக்கு முன்பு, ஜூன் மாதமே, ஒவ்வொரு ஆட்டமும் எந்த வேளைக்கு என்று பட்டியல் வெளியிட்டது: கிழக்கு நேரப்படி 12-லிருந்து 1 மணிக்குள் தொடங்குபவை, 3:30-லிருந்து 4:30-க்குள், மாலை 6-லிருந்து 8-க்குள், பிறகு 3:30-க்கும் 8-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் என்ற நான்காவது வகை. நான்காவது வகை இன்னும் தொல்லைதான். ஆனால் மற்ற மூன்றில் விழும் ஆட்டங்களுக்கு ரசிகர் ஜூனிலேயே டிக்கெட் போட்டுவிடலாம். ஒஹாயோ ஸ்டேட் - மிஷிகன் ஆட்டத்தைப் பாருங்கள். நவம்பர் கடைசி சனிக்கிழமை, பகல் 12 மணி என்பது எல்லோருக்கும் மனப்பாடம். தேங்க்ஸ்கிவிங் வாரம் என்பதால் விமான நிலையங்களில் கால்வைக்க இடமிருக்காது. நேரம் தெரிந்திருப்பதால்தான் மக்கள் சமாளிக்கிறார்கள். டப்ளின் நகரின் அவிவா ஸ்டேடியத்தில் 2024-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் - ஜார்ஜியா டெக், 2025-ல் அயோவா ஸ்டேட் - கான்சஸ் ஸ்டேட் ஆட்டங்கள் நடந்தன. இரண்டுக்கும் நேரம் பல மாதம் முன்பே தெரியும். கடல் கடந்து அயர்லாந்து போவதற்குத் திட்டமிடுவது, பக்கத்து மாநிலத்துக்குப் போகத் திட்டமிடுவதைவிட எளிதாக இருக்கிறது. இந்த நிலை எங்களை வருத்துகிறது.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. எல்லாக் கான்ஃபரன்ஸ்களும் ஜூன் முதல் வாரத்துக்குள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வேளை குறிக்க வேண்டும். சரியான நேரத்தை 12 நாளுக்குப் பதில் 22 நாள் முன்பு அறிவிக்க வேண்டும். ஒரு நாள் கூடுதலாகக் கேட்பது 21 நாள் கட்டணத்தைப் பிடிப்பதற்காக. எதிரணி ஊர் 500 மைலுக்கு மேல் இருக்கும் ஆட்டங்களில் 6 நாள் நிறுத்திவைப்பை அறவே விட்டுவிட வேண்டும். தொலைக்காட்சிக்கு இதனால் சில நல்ல ஆட்டங்கள் தவறிப்போகலாம். ஆனால் திரையில் தெரிகிற அந்தக் கூட்டமும் ஆட்டத்தின் பகுதிதானே. காலி இருக்கைகளைக் காட்டி யாரும் ஆட்டத்தை விற்க முடியாது.

இந்தக் கோரிக்கைக்கு முன்பைவிட இப்போது அவசரம் கூடியிருக்கிறது, ஏனென்றால் தூரங்களை நீங்களே கூட்டிவிட்டீர்கள். 2024-ல் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஆரிகன், வாஷிங்டன் ஆகிய நான்கும் சேர்ந்து பிக் டென் 18 அணிகளாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ரட்கர்ஸ் இருக்கும் நியூ ஜெர்சிக்கு ஆகாய வழியில் 2,400 மைலுக்கு மேல். அதே ஆண்டு ஸ்டான்ஃபர்டும் கலிஃபோர்னியாவும் ஏ.சி.சி.க்கு வந்தன, சான் ஃப்ரான்சிஸ்கோ - பாஸ்டன் 2,700 மைல். ஓக்லஹோமாவின் இரண்டு பெரிய அணிகளும் ஆடும் பெட்லம் ஆட்டம், நார்மனுக்கும் ஸ்டில்வாட்டருக்கும் இடையே வெறும் 80 மைல் கார்ப் பயணம். 2023 நவம்பர் 4-க்குப் பிறகு அது அட்டவணையில் இல்லை. காரில் போய் வரக்கூடிய ஆட்டங்கள் குறைந்து விமானம் ஏற வேண்டியவை கூடிவிட்டன என்பதுதான் இதன் மொத்தப் பலன். நல்லதும் ஒன்று நடந்தது: 2011-க்குப் பிறகு நின்றுபோயிருந்த டெக்சஸ் - டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆட்டம் 2024 நவம்பர் 30-ல் காலேஜ் ஸ்டேஷனில் திரும்ப வந்தது. ஆஸ்டினிலிருந்து நூறு மைல் சொச்சம். இப்படிப்பட்ட ஆட்டங்களை இனியாவது கை நழுவ விடாதீர்கள்.

மேற்குக் கரை ஆட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. சியாட்டிலில் பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கும் ஆட்டம் நான்கு மணிக்கு முடியும். இரவு விமானம் பிடித்து ஞாயிறு காலை கிழக்கே இறங்கிவிடலாம். அதே ஆட்டம் மாலை ஏழரைக்கு என்றால் முடியவே 11 மணி. ஞாயிறு காலை விமானம் ஏறி, மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசத்தையும் சேர்த்துக்கொண்டு, மாலையில்தான் வீட்டுக்கு வர முடியும். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவருக்கு வார இறுதி முழுவதும் இதிலேயே கழிந்துவிடும். மேற்கே ஆடப் போகும் கிழக்கத்திய அணிகளின் ஆட்டங்களையாவது பகலில் வையுங்கள்.

கடிகாரம் பற்றிச் சொல்கையில் சிறிய விஷயம் ஒன்று. டிக்கெட்டில் நேரத்தோடு நேர மண்டலத்தையும் அச்சிடுங்கள். சிகாகோவில் தங்கி நோட்ர டேம் ஆட்டத்துக்கு சௌத் பெண்ட் போகிறவர் வழியில் ஒரு மணி நேரத்தை இழக்கிறார். அட்லாண்டாவில் இறங்கி ஆபர்ன் போகிறவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. திரும்பும்போது அது பறிபோகிறது, விமானம் தவறுவது அங்கேதான். அறிவிப்புகள் கிழக்கு நேரத்திலும் டிக்கெட் உள்ளூர் நேரத்திலும் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

தங்கும் இடம். பெரிய நகரங்களில் கவலையில்லை. ஆபர்ன், மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபர்ட், ஸ்டார்க்வில், கிளெம்சன், பிளாக்ஸ்பர்க் போன்ற சிற்றூர்களில் ஆட்ட வாரத்துக்கு அறைகள் இரண்டு இரவு கட்டாயம், முன்பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு விற்கப்படுகின்றன. விவரம் தெரிந்தவர்கள் தள்ளியிருக்கும் ஊரில் தங்குவார்கள்: ஸ்டேட் காலேஜுக்கு ஆல்டூனா, கிளெம்சனுக்கு கிரீன்வில், பிளாக்ஸ்பர்க்குக்கு ரோனோக், டஸ்கலூஸாவுக்கு பர்மிங்ஹாம், ஆக்ஸ்ஃபர்டுக்கு மெம்ஃபிஸ். முப்பதிலிருந்து எண்பது மைல் வரை. அங்கிருந்து எல்லோரும் தனித்தனிக் காரில் வருவதால்தான் உங்கள் சாலைகள் அடைத்துக்கொள்கின்றன. விருந்தினர் பார்க்கிங் பற்றிக் கேட்டால், ஸ்டேடியத்தை ஒட்டிய இடமெல்லாம் நன்கொடையாளர்களுக்கு என்ற பதில்தான் வரும். அது உங்கள் உரிமை. அப்படியானால் இந்தத் தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்து முன்பதிவுப் பேருந்து விடுங்கள். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆட்டம் முடிந்து 45 நிமிடத்தில் ஒரு தடவை, 90 நிமிடத்தில் ஒரு தடவை கிளம்பட்டும். கார் தேவையே இல்லாத ஸ்டேடியங்களும் உண்டு. சியாட்டிலில் ரயில் நிலையம் ஸ்டேடிய வாசலிலேயே இருக்கிறது. ஸ்டான்ஃபர்டில் ஆட்ட நாளில் மட்டும் கால்ட்ரெய்ன் ரயில் நிற்கும் நிறுத்தம் உண்டு. பெர்க்லியில் பார்ட் ரயிலில் இறங்கி மேடேறி நடந்தால் போதும். இந்த விவரங்களை எதிரணி ரசிகர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் முதல் வரியாகப் போடுங்கள்.

இனி வாசல். தெளிவான பிளாஸ்டிக் பை விதி பெரும்பாலான ஸ்டேடியங்களில் ஒன்றுதான்: 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம், 6 அங்குலக் கனம்; அல்லது ஒரு கேலன் ஜிப் பை; அதோடு நாலரைக்கு ஆறரை அங்குலக் கைப்பை ஒன்று. உள்ளூர்க்காரருக்கு இது பழகிவிட்டது. வெளியூர்க்காரருக்கு எங்கே இடிக்கிறதென்றால், ஹோட்டல் அறையை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும், ஆட்டம் மூன்றரைக்கு. நடுவில் பெட்டியை எங்கே வைப்பது? காரில் வந்தவர் டிக்கியில் போட்டுவிடுவார். ரயிலிலும் பேருந்திலும் வந்தவர் வாசலில் பெட்டியோடு நின்று, அதை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லும் காவலரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பார். விருந்தினர் வாசலுக்கு இருநூறு அடி தள்ளி, கட்டணம் வாங்கிக்கொண்டு பெட்டி வைக்கும் கூடாரம் ஒன்று போதும். வந்தவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையிலேயே ஹோட்டலில் பெட்டியை ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். ஆனால் ஆட்டம் முடிந்து நள்ளிரவில் அங்கே ஆள் இருப்பார்களா என்று கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும்.

டிக்கெட் இப்போது முழுக்க செல்போனில். சுழலும் பார்கோடு என்பதால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. ஒரு லட்சம் பேர் ஒரே இடத்தில் கூடும்போது சிக்னல் படுத்துவிடும், செயலி திறக்கவே திறக்காது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே டிக்கெட்டைப் போனின் வாலெட்டில் இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாமலும் வாசல் இயந்திரம் படிக்கும். நான்கு பேருக்கு ஒருவர் வாங்கியிருந்தால், நான்கையும் ஒரே போனில் வைத்துக்கொண்டு வாசலில் பிரிவதைவிட முந்தின நாளே அவரவர் போனுக்கு மாற்றிவிடுவது நல்லது. இதெல்லாம் தெரியாத முதியவர்கள் வருகிறார்கள். எதிரணிப் பகுதிக்கான வாசலருகே, அடையாள அட்டையைப் பார்த்து அச்சிட்ட டிக்கெட் தரும் சாளரம் ஒன்றைத் திறந்து வையுங்கள். இருக்கும் உதவிச் சாளரம் பல இடங்களில் ஸ்டேடியத்தின் மறுகோடியில் இருக்கிறது. அதைச் சுற்றி நடக்கவே இருபது நிமிடம் ஆகிறது.

உள்ளே வந்த பிறகு வெயிலும் குளிரும். எதிரணி ரசிகர்களுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் மேலடுக்கு இருக்கைகளின் மூலை. செப்டம்பர் முதல் வாரத்தில் தெற்கே பகல் ஒரு மணிக்கு, அலுமினியப் பலகையில் வெறும் தொடை பட்டால் சுட்டுவிடும். உட்காரத் துண்டு கொண்டுவர வேண்டும் என்று முதல்முறை வருபவருக்கு யாரும் சொல்வதில்லை. மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை எல்லோருக்கும் அனுமதியுங்கள், மேலடுக்கு மூலையிலும் தண்ணீர் நிரப்பும் குழாய் வையுங்கள். மின்னல் விதி இன்னொன்று. பொதுவாக 8 மைலுக்குள் மின்னல் வெட்டினால் ஆட்டம் நிற்கும். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் ஆன பிறகே தொடங்கும். நடுவில் ஒன்று வெட்டினால் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. இது நல்ல விதி. ஆனால் வெளியேறியவர் திரும்ப வர முடியாது என்ற விதியும் கூடவே இருக்கும்போது, ஒதுங்க இடமில்லாத மேலடுக்கு ரசிகர் மழையில் நிற்பதா, டிக்கெட்டை இழப்பதா என்று தவிக்கிறார். மின்னல் நிறுத்தத்தின்போது மட்டும் வெளியே போய்த் திரும்புவதை எல்லா ஸ்டேடியங்களும் அனுமதிக்க வேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும் வடக்கே வருபவர்களுக்கு ஒரு யோசனை. குளிர் மேலிருந்து வருவதைவிட கான்கிரீட் தரையிலிருந்து காலுக்கு ஏறுவதுதான் அதிகம். அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் காலடியில் போட்டு நின்றால் வித்தியாசம் உடனே தெரியும். வாசல் காவலர்கள் அதைப் பறிக்காமலிருக்கும்படி சொல்லிவையுங்கள்.

பாதுகாப்பு. உள்ளூர் அணி ஜெயித்ததும் கூட்டம் தடுப்பேறிக் குதித்து மைதானத்துக்குள் பாய்வது வழக்கமாகிவிட்டது. எஸ்.இ.சி. 2025-ல் இதற்கு ஒரே அபராதமாக 5 லட்சம் டாலர் என்று வைத்தது. எதிரணி வீரர்களும் நடுவர்களும் பத்திரமாக வெளியேறிய பிறகு கூட்டம் இறங்கினால் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்றும் சொன்னது. அந்தக் கணக்கில் எதிரணி ரசிகரையும் சேருங்கள். கூட்டம் மைதானத்துக்குப் பாயும் அதே நேரத்தில் கீழ்வரிசைப் படிக்கட்டுகளில் எதிர்த்திசையில் வெளியேற முயல்பவர்கள் குழந்தைகளோடு நசுங்குகிறார்கள். கடைசி விசில் ஊதிய பிறகு 15 நிமிடம் எதிரணிப் பகுதியின் படிக்கட்டு முனையில் நான்கு காவலர்களை நிறுத்தினால் போதும்.

விருந்தினரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு உங்கள் நடுவிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. டல்லஸில் டெக்சஸ் மாநிலக் கண்காட்சி நடக்கும் வளாகத்தின் காட்டன் பவுல் ஸ்டேடியத்தில் ஓக்லஹோமாவும் டெக்சஸும் மோதும்போது, மைதானத்தின் நடுவான ஐம்பது கெஜக் கோட்டில் ஸ்டேடியம் சரிபாதியாகப் பிரிகிறது. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் ஆரஞ்சு. ஆட்ட டிக்கெட்டே கண்காட்சிக்கும் நுழைவுச் சீட்டு. அயோவா சிட்டியில் இன்னொன்று நடக்கிறது. கினிக் ஸ்டேடியத்தை எட்டிப் பார்த்தபடி குழந்தைகள் மருத்துவமனை ஒன்று நிற்கிறது. 2017 முதல், முதல் பாதம் முடிந்ததும் அரங்கம் முழுவதும் எழுந்து அந்தப் பக்கம் திரும்பி, மேல்மாடி ஜன்னல்களில் முகம் பதித்திருக்கும் பிள்ளைகளுக்குக் கையசைக்கிறது. எதிரணி ரசிகர்களும் எழுகிறார்கள், வீரர்களும் திரும்பி நிற்கிறார்கள். ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் எல்லோரும் ஒரு பக்கம்தான். டெயில்கேட் (ஆட்டத்துக்கு முன் கார்களருகே சமைத்து உண்ணும் விருந்து) நடக்கும் புல்வெளிகளிலும் இதே கதைதான்: விமானத்தில் வந்திறங்கிய அயலூர்க்காரருக்கு அடுப்பும் இல்லை, அரிசியும் இல்லை. உள்ளூர்க் குடும்பம் ஒன்று கூப்பிட்டுத் தட்டில் இறைச்சி வைப்பது சாதாரணம். ரசிகர்கள் தங்களுக்குள் இதைச் சரியாகவே செய்கிறார்கள். நிர்வாகமும் அந்த அளவுக்கு வரட்டும்.

சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃப் தொடர் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024-ல் நான்கு அணித் தொடர் 12 அணித் தொடராயிற்று. டிசம்பர் 8-ல் பட்டியல். டிசம்பர் 20, 21-ல் முதல் சுற்று. அந்தச் சுற்றைப் பல்கலைக்கழக ஸ்டேடியங்களிலேயே வைத்தது மிகச் சரியான முடிவு. ஆனால் அதற்குப் பிந்தைய பாதையைப் பாருங்கள். பட்டம் வென்ற ஒஹாயோ ஸ்டேட் டிசம்பர் 21-ல் கொலம்பஸில் ஆடியது. ஜனவரி 1-ல் பசடீனா, 10-ல் ஆர்லிங்டன், 20-ல் அட்லாண்டா. ஒவ்வொன்றிலும் ஜெயித்த பிறகே அடுத்த ஊருக்கு டிக்கெட் போட முடியும்; இடைவெளி ஒன்பதிலிருந்து பதினோரு நாள். 14 நாள் கட்டணத்துக்கு வழியே இல்லை, போதாக்குறைக்குப் புத்தாண்டு நெரிசல். முதல் தரவரிசை பெற்ற ஆரிகனின் ரசிகர்கள் டிசம்பர் 7-ல் கான்ஃபரன்ஸ் இறுதிக்கு இண்டியானாபொலிஸ் போனார்கள், ஜனவரி 1-ல் பசடீனா போனார்கள். சீசன் முழுதும் தோற்காமல் வந்த அந்த அணி, முதல் சுற்றில் ஆடாமலே கால் இறுதிக்குப் போனதால், தன் ஊரில் ஒரு ப்ளேஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. கால் இறுதிகளையும் மேல்வரிசை அணியின் ஊரிலேயே வையுங்கள். குறைந்தது ஒரு பக்கத்து ரசிகர்களாவது வீட்டிலிருந்து நடந்து வருவார்கள். தேதியே மாறும் நிலை வந்தால், அது புயலாலோ பாதுகாப்புக் காரணத்தாலோ எதுவாக இருந்தாலும், வர முடியாதவருக்கு டிக்கெட் பணம் முழுதாகத் திரும்பும் என்று டிக்கெட்டிலேயே எழுதித் தாருங்கள்.

பணம் பற்றி ஒரு சொல். 2025-26 முதல் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு வருமானத்தில் நேரடியாகப் பங்கு தரலாம், அந்த முதல் ஆண்டின் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். உழைப்பவருக்குக் கூலி போவது நியாயம், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. டென்னஸி பல்கலைக்கழகம் இதற்காக 2025 சீசன் டிக்கெட்டின் மேல் 10 விழுக்காடு திறமைக் கட்டணம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. வெளிப்படையாகச் சொல்வதை மதிக்கிறோம். 2025 மே 12 முதல், டிக்கெட்டுக்கும் குறுகிய காலத் தங்கலுக்கும் எல்லாக் கட்டணமும் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது கூட்டரசு விதி. பார்க்கிங்குக்கும் அதே முறையைப் பின்பற்றுங்கள். எதிரணிக்கு ஒதுக்கும் டிக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, அதே இருக்கைகளை மறுவிற்பனைத் தளத்தில் இரட்டை விலைக்கு ஏற்றுவதை நிறுத்துங்கள்.

நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடும் மேக் (மிட்-அமெரிக்கன்) கான்ஃபரன்ஸுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: வேலை நாளில் விடுப்பெடுத்து வருகிறவர்களுக்கு அந்த ஆட்டங்களின் டிக்கெட்டைப் பாதி விலைக்குக் கொடுங்கள்.

அடுத்த சீசனுக்கான தொலைக்காட்சித் தேர்வுக் கூட்டம் நடக்கும்போது இந்த மடலை மேசையில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாதென்றால் வேளை குறித்த பட்டியலையும் 22 நாள் அறிவிப்பையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து, பெட்டிக் கூடாரம், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றுக்கு எந்தத் தொலைக்காட்சியின் ஒப்புதலும் வேண்டியதில்லை. அவற்றை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு முன்பே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
வெளியூர் ஆட்டங்களுக்குப் பயணம் செய்யும் ரசிகர்கள்